உழைக்கும் டயரைத் தேர்ந்தெடுத்த வரலாறு

சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் யாரென்று இன்றுவரை உலகம் அறியாது. அவர் குழு எதையும் அமைக்காமல், கூட்டம் எதையும் கூட்டாமல், தாமாகவே கண்டுபிடித்துவிட்டதுதான் அதற்குக் காரணம். அச்சக்கரத்தின்மேல் எந்த டயரை மாட்டுவது என்பதை ஐதராபாத்தின் சனத்நகரில் உள்ள தக்காண அளவுக்கருவி நிறுவனம் 1981ஆம் ஆண்டில் முறைப்படி குழு அமைத்து, கூட்டம் கூட்டித் தீர்மானித்தது. உலகம் அதையும் அறியாது. அக்குறையை நீக்கவே இதை எழுதுகிறேன். அக்குழுவின் செயலாளராக இருந்தவள் நான்.

எங்கள் நிறுவனம் மைய அரசுக்கு உரியது. நீராவியின் அழுத்தத்தை அளக்கும் கருவிகளைச் செய்வது அதன் நோக்கம். 'செய்தது' என்று நான் எழுதவில்லை. 'நோக்கம்' என்றே எழுதியிருக்கிறேன். சொற்களை அவற்றுக்குரிய இடத்தில் வைப்பவர்களுக்கு இந்த வேறுபாடு விளங்கும்.

அவ்வாண்டு நிறுவனத்தின் வெள்ளி விழா. இருபத்தைந்து ஆண்டுகளைக் கொண்டாட ஏதேனும் ஒன்று நகரவேண்டும் என்று பொது மேலாளர் விரும்பினார். உற்பத்தியை நகர்த்துவது உடனடியாக இயலாது என்று துறைத்தலைவர்கள் தெரிவித்தமையால், ஒரு சைக்கிளை நகர்த்துவதென்று முடிவாயிற்று. நிறுவனத்தின் வாயிலிலிருந்து நல்லமலைக் காட்டின் வழியாக ஸ்ரீசைலம் வரை, தார்ச்சாலையைத் தொடாமல், பாறையிலும் முள்ளிலும் ஒற்றையடிப் பாதையிலும் ஒரு 'சாகசச் சைக்கிள் பயணம்'. "நேரான வழியில் எல்லாரும் போகிறார்கள். நம் நிறுவனம் என்றைக்கு அந்த வழியில் போயிருக்கிறது?" என்று பொது மேலாளர் ஆங்கிலத்தில் முழங்கினார். கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று.

பயணத்தை 'முறைப்படி' முடிக்கும் வீரருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு நிரந்தரப் பணியிடம் உண்டு என்றும் அவர் அறிவித்தார். அந்த அறிவிப்பைக் கேட்டு உடனே பெயர் கொடுத்தவர் கொர்னேலியஸ்.

கொர்னேலியஸ் எங்கள் பட்டறையில் தினக்கூலி ஃபிட்டர். செகந்தராபாத்தில் பல தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தவர். தலைக்கு எண்ணெய் சற்று மிகுதி. தற்பெருமை அதனினும் மிகுதி. "சார்மினார் படிக்கட்டுல ஏத்தணுமா சொல்லுங்க, ஏத்திக் காட்றேன்" என்பது அவருடைய வழக்கமான பேச்சு. பல ஆண்டுகளாக அவரை மாதந்தோறும் ஒருநாள் வேலையைவிட்டு நிறுத்தி, மறுநாள் 'புதிதாக' எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். இதனால் அவருடைய பணி என்றும் இளமையோடு இருந்தது. அவர் மட்டும் முப்பதைத் தாண்டிவிட்டார். எங்கள் நிறுவனத்தின் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்க்கும் மரியபுஷ்பத்தை அவருக்குக் கொடுப்பதாக இரு வீட்டிலும் பேசி முடித்திருந்தார்கள். ஆனால் அவளுடைய தகப்பனார் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. பச்சைக்கொடி காட்டுவதில் நிதானமானவர். நிரந்தர உத்தரவைக் கண்ணால் பார்த்த பிறகே கல்யாணம் என்று சொல்லிவிட்டார். ஆகவே கொர்னேலியஸுக்கு ஸ்ரீசைலம் என்பது மலை அன்று, மணமேடை.

கல்லிலும் முள்ளிலும் அத்தனை தொலைவு போகத் தாங்கும் டயர் எது என்பதே அடுத்த கேள்வி. அதற்காக அமைந்ததுதான் நான் சொன்ன குழு. நிர்வாக அதிகாரி சக்ரபாணி தலைவர். பண்டகசாலை அதிகாரி நாராயணஸ்வாமி உறுப்பினர். முன்னவர் கும்பகோணத்தார், அடுத்தவர் கோயம்புத்தூர்ப் பக்கத்தார். மூவரும் தமிழர்களாக அமைந்துவிட்டபடியால், மத்திய அரசின் மொழிக்கொள்கையைக் கதவைச் சாத்திவிட்டு மீறினோம்.

முதற்கூட்டத்தில் நாராயணஸ்வாமி தொடங்கினார். "நல்லா உழைக்கற டயரா இருக்கோணுமுங்க."

"அது என்ன ஓய், உழைக்கறது?" என்றார் சக்ரபாணி. "டயர் எங்கே உழைக்கறது? மிதிக்கறவன்னா உழைக்கறான்."

"செருப்பு நல்லா உழைக்குதுன்னு சொல்றதில்லீங்களா? அப்படித்தானுங்க."

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். ஆள் உழைத்தார் என்றால் வேலை செய்தார் என்று பொருள். செருப்பு உழைத்தது என்றால் தேயாமல் நீடித்தது என்று பொருள். ஒரே வினைச்சொல் இரண்டு பொருளையும் தாங்குகிறது என்று விளக்கினேன். இவற்றுள் குழு எப்பொருளை எடுத்துக்கொள்கிறது என்று பதிவு செய்யவேண்டும் என்றும் கேட்டேன்.

சக்ரபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அபயாம்பாள் மேடம், வேலையும் செஞ்சு நீடிச்சும் இருந்ததா ஒண்ணை இந்த ஆபீஸ்ல நான் பார்த்ததில்லை. நீடிக்கறதுன்னே எழுதிக்கோங்கோ."

அவ்வாறே எழுதிக்கொண்டேன்.

சிறப்பு அழைப்பாளராகச் சுவரோரம் நிறுத்தப்பட்டிருந்த கொர்னேலியஸ் கையை உயர்த்தினார். "சார், ராணிகஞ்ச்ல தடியாப் பட்டை போட்ட டயர் வந்திருக்கு. ஒரு ஜோடி மாட்டி, கச்சிபௌலிக் கல்லு மேல ரெண்டு ரவுண்டு போனா தாங்குமா தாங்காதான்னு தெரிஞ்சிடும்."

"ஓட்டிப் பார்த்தா டயர் தேஞ்சுடுமேப்பா" என்றார் தலைவர் பொறுமையாக. "தேஞ்ச டயரை வெச்சுண்டு, அது தேயாத டயரான்னு எப்படித் தீர்மானம் பண்றது?"

"ஹவ் சார். அதுவும் கரெக்ட்தான்" என்றார் கொர்னேலியஸ். ஐதராபாத்தாருக்கு 'ஹவ்' என்றால் 'ஆமாம்'.

கச்சிபௌலி என்பது பாறையும் புதரும் மட்டுமே உள்ள இடமென்றும், ஆடுகளைத் தவிர வேறு எவருக்கும் எக்காலத்திலும் அங்கே வேலை இருக்கப்போவதில்லை என்றும் குழு ஒருமனதாகக் கருதியது. இன்று அங்கே கணினி நிறுவனங்கள் நிற்கின்றன. தொலைநோக்குக்குப் பெயர்போன குழு அது.

ஓட்டிப் பார்க்காமல் உறுதியை அறிய ஒரு வழியைச் சக்ரபாணியே சொன்னார். நிறுவனத்தின் சைக்கிள் நிறுத்தத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட சைக்கிள்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பழைய டயர் எது, அவ்வளவு காலம் ஆகியும் தேயாதிருக்கும் டயர் எது என்று பார்ப்போம். அதுவே உழைக்கும் டயர். இதில் குறை காண எவராலும் இயலவில்லை. தலைவர் சொன்ன ஆலோசனைகளில் குறை காண இயலாமை எங்கள் நிறுவனத்தில் பொதுவாகக் காணப்படும் தன்மை.

மறுநாள் முற்பகல் குழு நிறுத்தத்தைப் பார்வையிட்டது. தொழிலாளர்களின் டயர்கள் ஏமாற்றம் அளித்தன. எல்லாம் மொட்டை. குகட்பள்ளி, பாலாநகர், போவன்பள்ளி என்று எங்கிருந்தோ தினந்தோறும் ஓட்டிவந்து, நிறுவனம் நம்பி நிறுத்த இடம் கொடுத்த டயர்களை ஈவிரக்கமின்றித் தேய்த்திருந்தார்கள். கூரையின் கடைக்கோடியில், பொது மேலாளரின் ஜன்னலுக்கு நேர் கீழே, ஒரு சைக்கிள் தனித்து நின்றது. கன்னங்கரேலென்று மின்னும் டயர்கள். கடையிலிருந்து வரும்போது மேற்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய ரப்பர் இழைகள்கூட உதிரவில்லை. பக்கவாட்டில் 'கோல்கொண்டா டீலக்ஸ்' என்ற எழுத்து தெளிவாக இருந்தது. அந்த உற்பத்தியாளர் கடையை மூடிப் பல ஆண்டுகள் ஆயின.

"இது யாருதுங்க?" என்று நாராயணஸ்வாமி வியப்போடு கேட்டார்.

"பெரியவர் வண்டிங்க" என்றார் காவலாளி லட்சுமணன், சக்ரபாணியைக் காட்டி. "வாராவாரம் நாந்தான் பாலிஷ் போடறேன். சிலந்திக் கூட்டை மட்டும் கலைக்கறதில்லை."

இவ்விடத்தில் படிப்போருக்கு ஒரு விளக்கம். அந்தச் சைக்கிள் நகர்வதில்லை என்பது நிறுவனத்தில் அனைவருக்கும் தெரியும். பொது மேலாளர் ஜன்னலைத் திறந்தால் சைக்கிள் தெரியும். சைக்கிள் தெரிந்தால் சக்ரபாணி இருக்கிறார் என்று அவர் ஜன்னலைச் சாத்துவார். சக்ரபாணியோ ஸ்கூட்டரில், குகட்பள்ளியில் வீட்டுவசதி வாரியம் ஒதுக்கிய மனையில் எழும்பும் தம் வீட்டின் சுவர்களை மேற்பார்வையிட்டுக்கொண்டிருப்பார். ஒரே நேரத்தில் ஈரிடத்தில் பணியாற்றும் இத்திறன் பொதுத்துறையில்கூட அரிது.

கொர்னேலியஸ் குனிந்து டயரைத் தடவினார். அவருடைய முகம் பால்குடிக்கும் குழந்தையுடையதுபோல் இருந்தது.

"இத்தனை வருஷமா டெய்லி மாரெட்பள்ளியிலேருந்து மிதிச்சு வர்றீங்க. ஒரு கோடு தேயல. எப்படி சார்?"

சக்ரபாணி சைக்கிளைப் பார்த்தார். மேலே ஜன்னலைப் பார்த்தார். சைக்கிள் ஓடுவதில்லை என்றால் தாம் இருப்பதில்லை என்றாகும். ஓடுகிறது என்றால் டயர் தேயாதது என்றாகும். அதிகாரிகளுக்கு இத்தகைய நெருக்கடிகள் வரும். அவர்கள் அதிகாரிகளாக நீடிப்பது அவற்றைக் கடந்துதான்.

"மிதிக்கற விதத்துல இருக்கு, கொர்னேலியஸ்" என்றார் இறுதியில். "பூ மாதிரி மிதிக்கணும்."

"ஹவ் சார். ரொம்பப் பூ மாதிரிதான். தரையிலயே படாம."

சக்கரக் கம்பிகளுக்கிடையே சிலந்தி கட்டியிருந்த வலையையும் குழு ஆராய்ந்தது. பல்லாண்டு ஓட்டத்திலும் வலை அறுபடாமை, இந்த டயரின் அதிர்வு தாங்கும் ஆற்றலுக்குச் சான்று என்று பதிவாயிற்று. 'பல்லாண்டு' என்பதை 'பலாண்டு' என்று தட்டச்சாளர் அடித்திருந்தார். அப்பிழையைப் பொறுக்க மாட்டாமல் நானே திருத்தினேன்.

மூடிப்போன உற்பத்தியாளரின் டயருக்கு எங்கே போவது என்று எவரும் திகைக்கவில்லை. பண்டகசாலையில் இரண்டு ஜோடி இருந்தன. நிறுவனம் தொடங்கிய காலத்தில் வாங்கியவை. நாராயணஸ்வாமி தம் பண்டகசாலையிலிருந்து எப்பொருளும் வெளியே போகாமல் காத்துவந்தவர். வழங்காத வரையில் இருப்பு குறையாது என்ற கொள்கையினர். "கொடுக்கறனுங்க, ஆனா பயணம் முடிஞ்சதும் வாங்கின மாதிரியே திருப்பிக் கொடுத்துப்போடோணும்" என்று கண் கலங்க எடுத்துக்கொடுத்தார்.

கொர்னேலியஸ் ஒரு டயரை வளைத்தார். அப்பளம் நொறுங்கும் ஓசை கேட்டது.

"சார், இது செத்த ரப்பர். நக்கோ சார், வேணாம். என் பழைய டயர்லயே போய்டறேன்."

"அப்போ கமிட்டி எதுக்கு?" என்றார் சக்ரபாணி. கொர்னேலியஸ் டயரை எடுத்து மாட்டத் தொடங்கினார்.

புறப்படும் நாளன்று வாயிலில் மாலை, மேளம், கொடி. மரியபுஷ்பம் இணைப்பகத்திலிருந்து இறங்கிவந்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு கொர்னேலியஸிடம் போனாள்.

"வாயத் தொறந்து சொல்லித் தொலையேன். அந்த வண்டி நகராதுன்னு நாய்க்குக்கூடத் தெரியும்."

"சொன்னா சக்ரபாணி சார் உத்தரவுல கையெழுத்துப் போடமாட்டார்."

"சொல்லலன்னா டயர் பாதி வழியில போயிடும்யா."

"டயர்தானே போகும்? நான் போயிடுவனா?" என்று தலையை வாரிக்கொண்டார் அவர்.

அவள் என்னிடம் திரும்பினாள். "மேடம், நீங்களாவது அந்தக் குறிப்புல எழுதக்கூடாதா?"

கூட்டத்தில் பேசியதை மட்டுமே குறிப்பில் எழுதலாம் என்றும், பேசாததை எழுதினால் அது கற்பனை இலக்கியம் ஆகிவிடும் என்றும் விளக்கினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் இலக்கிய ஆர்வம் தென்படவில்லை.

கொர்னேலியஸ் மிதித்தார். பின்னால் ஜீப்பில் நாங்கள்: பயணத் தலைவர் சக்ரபாணி; டயர்களைத் திரும்பப் பெறுவதற்காக நாராயணஸ்வாமி; பதிவுக்கு நான்; ஓட்டுநர்; மாற்று வீரராகச் சக்ரபாணியின் தமக்கை மகன் ஜகதீசன். இவர் அண்மையில்தான் எங்கள் அலுவலகத்தில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தார். ஜீப்பின் பின்புறத்தில் அவருக்குரிய மாற்றுச் சைக்கிளைக் கட்டியிருந்தோம். அதிலும் கோல்கொண்டா டீலக்ஸ் டயர்களே. ஒருவர் மிதிக்க, ஐவர் உடன் சென்றோம். எங்கள் நிறுவனத்தின் பணிகள் அனைத்துக்கும் வகுத்துள்ள விகிதம் அதுவே.

கச்சிபௌலிப் பாறைகளில் டயரின் வெளித்தோல் வெடித்தது. அச்சம்பேட்டைக்கு அப்பால் கருவேல முள் உள்ளே புகுந்தது. பஞ்சர் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே ரப்பர் கிழிந்தது. பிறகு டயர் துண்டுதுண்டாகக் கழன்று விழத் தொடங்கிற்று. ஒவ்வொரு துண்டுக்கும் நாராயணஸ்வாமி ஜீப்பை நிறுத்தச் சொல்லி, இறங்கி, பொறுக்கி, மண்ணைத் தட்டிப் பையில் போட்டுக்கொண்டார். அரசுச் சொத்தின்பால் அத்தகைய பரிவை நான் வேறெங்கும் கண்டதில்லை.

காட்டின் விளிம்பில் கொர்னேலியஸ் இறங்கிவிட்டார். முன்சக்கரத்தில் டயரே இல்லை. கணுக்காலில் இரத்தம்.

"சார், அந்த ரிசர்வ் சைக்கிளைக் குடுங்க. இந்த மேட்டைத் தாண்டிட்டுத் தந்துடறேன்."

"அது ரிசர்வ்" என்றார் சக்ரபாணி. "எடுத்து ஓட்டிட்டா அப்புறம் அது எப்படி ரிசர்வ் ஆகும்?"

"கைக்கு சார்? எதுக்கு அப்போ அதைக் கட்டித் தூக்கிட்டு வர்றோம்?"

"அவசரத்துக்கு."

இதுதான் அவசரம் என்று சொல்ல கொர்னேலியஸ் வாயெடுத்தார். கையெழுத்தை நினைத்து மூடிக்கொண்டார். சாலையோரக் குடிசையில் தெலுங்கில் கெஞ்சி வைக்கோலும் பழைய கிணற்றுக் கயிறும் வாங்கிவந்தார். வைக்கோலைச் சக்கரத்தின் வளையத்தில் திணித்து, கயிற்றால் நெருக்கமாகச் சுற்றி, முடிச்சிட்டு, ஏறி மிதித்தார். கயிறு அறும், இறங்குவார், கட்டுவார், ஏறுவார். சார்மினார்ப் பேச்சு நின்றுபோயிற்று. ஜீப்பில் எங்களுக்கும் குலுக்கல் அதிகந்தான். ஜகதீசனுக்கு இருமுறை வாந்தி வந்தது. நெடுந்தொலைவுப் பயணம் வீரர்களிடம் கோரும் தியாகம் இத்தகையது.

கொர்னேலியஸ் ஸ்ரீசைலத்தை அடைந்தார். நடந்து வரவில்லை; சைக்கிளின் மேல் அமர்ந்தே அடைந்தார். கோபுரம் தெரியும் இடத்தில் புகைப்படம் எடுத்தோம். மாற்றுச் சைக்கிளை இறக்கி அதன்மேல் ஜகதீசனையும் அமர்த்தினோம். ஓட்டுநர் பின்னால் குனிந்து பிடித்துக்கொண்டார். படத்தில் அவர் விழவில்லை, ஜகதீசனும் விழவில்லை.

திரும்பியதும் குழு கூடி அறிக்கை தயாரித்தது. என் பணிக்காலத்தில் இவ்வளவு தெளிவான அறிக்கையை நான் எழுதியதில்லை. ஒரே டயர் இரண்டு ஜோடி, ஒரே பாதை, ஒரே தொலைவு, ஒரே வெயில். ஒரு ஜோடி ரப்பர் இழைகூட உதிராமல் திரும்பி வந்திருக்கிறது. மற்றொரு ஜோடி நாராயணஸ்வாமியின் பையில் வந்திருக்கிறது. ஆகவே குறை டயரில் இல்லை. குறை மிதித்த விதத்தில். டயரைக் காத்து, சைக்கிளைக் காத்து, தம்மையும் காத்துப் பயணத்தை 'முறைப்படி' முடித்தவர் ஜகதீசன் ஒருவரே. கயிறும் வைக்கோலும் டயர் என்ற சொல்லில் அடங்கா. நிறுவன மருத்துவரும் இருவரையும் சோதித்து, கொர்னேலியஸின் முழங்கால்களில் தேய்மானம் இருப்பதாகவும், ஜகதீசன் உடலில் எவ்வித உபயோகத்தின் அறிகுறியும் இல்லை என்றும் சான்றளித்தார்.

நிரந்தர உத்தரவு ஜகதீசனுக்குப் போயிற்று.

கொர்னேலியஸ் அறிவிப்புப் பலகையின் முன் நெடுநேரம் நின்றார். "நம்ம மிஸ்டேக்தான் மேடம்" என்றார் என்னிடம். "சைக்கிள்ல ஏறினேன் பாருங்க. ஜீப்ல ஏறியிருக்கணும்."

அடுத்த வாரம் அவரைப் 'புதிதாக' எடுத்துக்கொண்டோம். முதல் வேலையாக, சைக்கிள் வீரராக நிரந்தரம் பெற்ற ஜகதீசனுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை ஒப்படைத்தோம். மாலைவேளைகளில் இருக்கையைப் பிடித்துக்கொண்டு கொர்னேலியஸ் பின்னால் ஓடுவதும், "விட்டுடாதீங்கோ, விட்டுடாதீங்கோ" என்று ஜகதீசன் அலறுவதும் நிர்வாகக் கட்டடம்வரை கேட்கும்.

ஒருநாள் மரியபுஷ்பம் என் மேசைக்கு வந்தாள். விடுப்பு கேட்டு வந்திருந்தாள்.

"கல்யாணமா? உத்தரவுதான் வரவில்லையே" என்றேன்.

"அப்பா அந்த போட்டோவைப் பாத்தார். ரெண்டு பேர் இருக்காங்களே, யார் கால்ல ரத்தம்னு கேட்டார். இவருதுன்னேன். போட்டோவைத் திருப்பிக் குடுத்தார். அப்புறம், 'போய்க் கோவில்ல பேர் குடுத்துட்டு வா, கல்யாண ஓலை வாசிக்கட்டும்'னார்."

"உங்கள் தகப்பனார் அவசரப்படுகிறார்" என்று என் கருத்தைத் தெரிவித்தேன்.

"மூணு ஞாயித்துக்கிழமை வாசிப்பாங்க மேடம். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது இருக்கிறது யாருக்காவது தெரிஞ்சா சொல்லிடணும்னு ஒவ்வொரு தடவையும் சாமியார் சபையிலயே கேப்பார். தெரிஞ்சும் சொல்லாம உக்காந்திருந்தா பாவம். உங்க கமிட்டியில அப்படிக் கேக்கற வழக்கம் ஒண்ணு இருந்திருக்கலாம்."

அவள் அறியாமையால் அவ்வாறு பேசினாள். எங்கள் குழுவின் நற்பெயரை முன்னிட்டு அதைத் திருத்தக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்த வழக்கம் எங்களிடமும் இருந்தது. ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும், "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று சக்ரபாணி மரபு தவறாமல் கேட்டார். ஒவ்வொரு முறையும் 'ஆட்சேபம் இல்லை' என்று நான் பிழையறப் பதிவு செய்திருக்கிறேன். 'இல்லை' என்பது தமிழில் மிக வசதியான சொல். உயர்திணை, அஃறிணை, ஒருமை, பன்மை, அவர், நீர், நான் என்று எல்லாவற்றுக்கும் வடிவம் மாறாமல் பொதுவாக நிற்கும். அதனால் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவர் யார் யார் என்று தனித்தனியே பெயர் எழுதவேண்டிய தேவை எனக்கு ஏற்படவில்லை.